வூயிப் பாறைத் தேயிலை: பொட்டலம் வாங்குவதிலிருந்து எட்டாவது தண்ணீர் வரை

சீனாவின் வூயி மலையிலிருந்து வரும் யான்ச்சா, அதாவது பாறைத் தேயிலை, பெரும்பாலும் சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் கைக்கு வரும். ஒவ்வொன்றிலும் 8 கிராம் சொச்சம். பிரித்தால் உள்ளே நீளவாக்கில் முறுக்கிக்கொண்ட கரும்பழுப்பு இலைகள். மூக்கருகே கொண்டுபோனால் முதலில் கரி வாசம், அதன் பின்னால் வறுத்த முந்திரி மாதிரி ஒன்று, கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் அடியிலிருந்து பழ வாசம் மெல்ல மேலே வரும். இந்த 8 கிராமையும் ஒரே தடவையில், அரை டம்ளர்கூட வராத ஒரு கிண்ணத்தில் கொட்டி ஊற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. முதல் பொட்டலத்தில் கொஞ்சத்தை எடுத்துப் பெரிய மக்கில் போட்டு, கொதிநீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடிவைத்துக் குடித்தேன். கரியும் கசப்புமாக ஒரு கஷாயம் வந்தது. மீதிப் பொட்டலங்களை டப்பாவில் போட்டு மூடி ஒதுக்கிவிட்டேன். ஏழெட்டு மாதம் கழித்து, இந்த டீயை நாள் தவறாமல் குடிக்கிற பினாங்கு நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தபோது, அதே டப்பாவிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் முறையில் ஊற்றிக் கொடுத்தார். நான்காவது கோப்பையைக் குடித்துக் கீழே வைத்த பிறகு, ஒரு நிமிடம் கழித்து, தொண்டையின் அடியிலிருந்து ஓர் இனிப்பு ஊறி வந்தது. அன்றிலிருந்து இந்தத் தேயிலையை விடவில்லை.

18ஆம் நூற்றாண்டுச் சீனக் கவிஞர் யுவான் மெய்க்கும் ஏறக்குறைய இதே அனுபவம்தான். வூயித் தேநீர் மருந்து மாதிரி கெட்டியாக, கசப்பாக இருக்கிறது என்று அதை ஒதுக்கி வைத்திருந்தவர், 1786இல் அந்த மலைக்கே போனார். அங்கிருந்த துறவிகள் அக்ரூட் பருமனுள்ள கோப்பையிலும் நாரத்தங்காய் பருமனுள்ள கூஜாவிலும் ஊற்றிக் கொடுத்தார்கள். முதலில் முகர்ந்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வைத்து நிதானமாகக் குடித்த பிறகு கருத்தை மாற்றிக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். சின்னப் பாத்திரம், நிறைய இலை, கொதிக்கிற தண்ணீர், குறைந்த நேரம், பல தடவை ஊற்றுவது: இந்த டீக்கு முறை இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொன்றும் ஏன் என்று தெரிந்தால்தான் கை சரியாக ஓடும், அதற்கு முதலில் மலையைப் பார்க்க வேண்டும்.

எந்தப் பாறை

வூயி மலை சீனாவின் தென்கிழக்கில், ஃபூஜியன் மாகாணத்தின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது. 1999இல் இயற்கை, பண்பாடு இரண்டுக்கும் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மலை. தேயிலை மலை என்றதும் நமக்கு நீலகிரியும் நுவரெலியாவும் கண்முன் வரும், சரிவு முழுக்க ஒரே மட்டத்தில் வெட்டிய செடிகள். வூயி அப்படி இல்லை. செம்மணற்கல்லும் கூழாங்கல் பதிந்த பாறையும் செங்குத்தாக எழுந்து நிற்கும், அவற்றுக்கு நடுவில் குறுகலான இடுக்குகள், அந்த இடுக்குகளில் கல்லடுக்கிக் கரை கட்டிய சின்னச் சின்னப் பாத்திகளில் சில வரிசைச் செடிகள். சில இடங்களில் பத்துப் பதினைந்து செடிக்கு மேல் இருக்காது. பாறையிலிருந்து தண்ணீர் கசிந்து சொட்டிக்கொண்டே இருக்கும், சுற்றிலும் பாசியும் பெரணியும். இரண்டு பக்கமும் பாறைச் சுவர் என்பதால் நேர் வெயில் ஒரு நாளில் சில மணி நேரம்தான் விழும். பகலில் சூடேறிய பாறை இரவில் அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும்.

மண் என்று பார்த்தால் பாறை உதிர்ந்து உண்டான சரளை. மழை எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் நிற்காது, வேர் கீழே இறங்கித் தேட வேண்டியிருக்கும், செடி மெதுவாக வளரும், இலை தடிப்பாகும். 8ஆம் நூற்றாண்டில் தேநீரைப் பற்றி முதல் முழு நூல் எழுதிய லூ யூவே, சிதைந்த பாறையில் வளர்வது உயர்ந்தது, சரளை மண்ணில் வளர்வது நடுத்தரம், மஞ்சள் மண்ணில் வளர்வது தாழ்ந்தது என்று தரம் பிரித்துவிட்டார். அவர் வூயியைப் பற்றிச் சொல்லவில்லை, ஆனால் அந்த வரியை வூயிக்காரர்கள் விடவே மாட்டார்கள்.

பாறையின் தாது அப்படியே இலைக்குள் ஏறி நம் நாக்கில் கல்லின் ருசியாக இறங்குகிறது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நிழல், ஈரம், வடிகால், மெதுவான வளர்ச்சி ஆகியவை சேர்ந்து இலையின் உடம்பை மாற்றுகின்றன, அந்த உடம்புதான் பின்னால் வரப்போகிற நெருப்பைத் தாங்குகிறது. இடத்துக்கும் வறுப்புக்கும் உள்ள உறவு இங்கேதான். மெல்லிய இலையை இப்படிக் கரியில் வறுத்தால் கரிதான் மிஞ்சும்.

இடத்தைப் பொறுத்து மூன்று பெயர்கள் வழக்கத்தில் உண்டு. பாறைகளுக்கு நடுவே, அதாவது சுமார் 70 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காப்புப் பகுதிக்குள் விளைவது ஜெங்யான், அசல் பாறை. அதன் விளிம்பில் விளைவது பான்யான், அரைப் பாறை. ஆற்றங்கரைச் சமதளத்தில் விளைவது ஜோச்சா. ஜெங்யானுக்குள்ளும் ஐந்து இடங்களைத் தனியே சொல்வார்கள்: ஹுவெய்யுவான்கெங், நியூலான்கெங், தாவ்ஷுவெய்கெங் என்று மூன்று பள்ளங்கள், லியூஷியாங்ஜியன், வூயுவான்ஜியன் என்று இரண்டு ஓடை இடுக்குகள்.

இதில் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 2002இல் வூயி யான்ச்சாவுக்குப் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது, ஆனால் இன்றைய தேசியத் தரவரையறை வூயிஷான் நகராட்சியின் எல்லை முழுவதையும் ஏற்றுக்கொள்கிறது. அதனால் பொட்டலத்தில் வூயி யான்ச்சா என்று இருப்பது பொய்யில்லாமலேயே, அந்தப் பாறை இடுக்குகளுக்கு வெளியிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

எந்தச் செடி

வகைகள் நூற்றுக்கணக்கில் உண்டு, ஆரம்பத்தில் இரண்டு போதும். ஷுவெய் ஷியன், ரோ குவெய். மணத்தில் ரோ குவெய்யை மிஞ்ச ஒன்றுமில்லை, குழைவில் ஷுவெய் ஷியனை மிஞ்ச ஒன்றுமில்லை என்று அந்த ஊரில் ஒரு சொலவடையே இருக்கிறது. ரோ குவெய் என்ற சொல்லுக்குப் பட்டை என்று பொருள், நாம் பிரியாணியில் போடுகிற பட்டையின் இனம்; செடி என்னவோ தேயிலைதான். நல்ல ரோ குவெய்யில் அந்தக் காரமான மணம் மூக்கில் ஏறும், வாயில் கொஞ்சம் முரடாக இருக்கும். ஷுவெய் ஷியன் பெரிய இலை, மெத்தென்ற உடம்பு. பல பத்தாண்டுகள் வயதான செடியிலிருந்து வந்தால் அதை லாவ் சோங் என்பார்கள், அதில் நனைந்த மரப்பட்டை, பாசி மாதிரி ஓர் ஈர வாசம் இருக்கும், எனக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பிடிக்கும். நியூலான்கெங்கில் விளைந்த ரோ குவெய்க்கு நியூ ரோ என்று செல்லப்பெயர், சீனத்தில் அதே ஒலிக்கு மாட்டிறைச்சி என்றும் பொருள் வரும். விலையும் அதற்குத் தக்கபடிதான், அதனால் மலிவாகக் கிடைக்கிற நியூ ரோவை நம்ப வேண்டாம்.

தா ஹோங் பாவ் என்ற பெயரைத்தான் எல்லோரும் முதலில் கேள்விப்படுவார்கள். ஜியூலோங்கெ என்ற இடத்தில் பாறைத் திட்டில் நிற்கிற ஆறு தாய்ச்செடிகளின் பெயர் அது. 2006லிருந்து அவற்றில் இலை பறிப்பதில்லை. கடைசியாகப் பறித்ததில் 20 கிராம் 2007இல் பெய்ஜிங்கில் உள்ள சீன தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனது. கடையில் தா ஹோங் பாவ் என்று விற்பது பெரும்பாலும் ரோ குவெய், ஷுவெய் ஷியன் போன்றவற்றை ஒரு தேர்ந்த கை கலந்த கலவை. கலவை என்பதால் தாழ்வில்லை, நல்ல கலவை நல்ல டீதான். தாய்ச்செடியின் இலை என்று சொல்லி யாராவது விற்றால் மட்டும் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள்.

நம் மொழியோடும் இந்த மாகாணத்துக்கு ஓர் உறவு இருக்கிறது. தேயிலை, தேநீர், யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணி எல்லாவற்றிலும் இருக்கிற 'தே' ஃபூஜியனின் தென்கரையில் பேசுகிற மொழியின் சொல். கப்பலேறிப் போன பெரும்பாலான இடங்களில் இந்தப் பெயர்தான் பரவியது, நிலவழியாகப் போன இடங்களில் 'சா' பரவி நம் பக்கத்து வீட்டில் சாயா ஆனது. ஆங்கிலேயர்கள் வூயி என்பதை பொஹீ என்று திரித்தார்கள். 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருந்தது இந்த பொஹீதான்.

நெருப்பு

ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை பறிப்பு. கொழுந்தைப் பறிப்பதில்லை; மொட்டு விரிந்து முற்றிய பிறகு மூன்று நான்கு இலையோடு பறிப்பார்கள். வெயிலில் வாட்டி, அப்புறம் இரவு முழுக்க மூங்கில் தட்டில் குலுக்குவதும் ஆறவிடுவதுமாக மாறி மாறிச் செய்வார்கள். குலுக்கும்போது இலையின் ஓரம் அடிபட்டுச் சிவக்கும், நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். பிறகு சூடான சட்டியில் போட்டு அந்த மாற்றத்தை நிறுத்தி, முறுக்கி, உலர்த்துவார்கள். இதுவரை செய்து முடித்ததைக் குடிக்கலாம், ஆனால் அது இன்னும் யான்ச்சா ஆகவில்லை.

கரி வறுப்பு நடக்கிற அறையில் தீயே கண்ணுக்குத் தெரியாது. குழியில் கடினமான மரத்தின் கரியை அடுக்கி, புகை முழுக்க அடங்கும் வரை எரியவிட்டு, தட்டி நெருக்கி, மேலே சாம்பலால் மூடிவிடுவார்கள். அதன்மேல் இடுப்பு ஒடுங்கிய உயரமான மூங்கில் கூடை, கூடையின் நடுவில் ஒரு சல்லடை, சல்லடையில் இலை. சூட்டைப் பார்க்க வறுப்பவர் புறங்கையைக் கூடையின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அதிகமானால் சாம்பலைச் சேர்ப்பார், குறைந்தால் கொஞ்சம் விலக்குவார். இலையைக் கிளற வேண்டும் என்றால் கூடையைக் குழியிலிருந்து எடுத்துத் தட்டின்மேல் வைத்துக் கிளறுவார், ஏனென்றால் ஒரு சிட்டிகைத் தூள் கரியில் விழுந்தாலும் புகைந்து, அந்தப் புகை முழுக் கூடையிலும் ஏறிவிடும். நல்ல யான்ச்சாவில் புகை நாற்றமே இருக்கக் கூடாது. இப்படி எட்டு மணி, பத்து மணி நேரம். சில வாரம் ஆறவிட்டு, மறுபடி ஒரு தடவை, சிலவற்றுக்கு மூன்றாவது தடவையும். இந்தக் கைவேலை 2006இல் சீனாவின் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலின் முதல் தொகுப்பிலேயே சேர்ந்தது.

வறுப்பில் இளஞ்சூடு, நடுத்தரம், முழு வறுப்பு, உயர் வறுப்பு என்று படிகள் உண்டு. முதல் தடவை வாங்குபவருக்கு நான் நடுத்தர வறுப்பைத்தான் சொல்வேன். இளஞ்சூட்டில் பூ வாசம் தூக்கலாக இருக்கும், ஆனால் ஈரமான ஊர்களில் சீக்கிரம் கெடும். முழு வறுப்பில் முதல் சில தண்ணீரை (ஒரே இலையில் மறுபடி மறுபடி ஊற்றி வடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு தண்ணீர்) கரியே எடுத்துக்கொள்ளும், பழகிய நாக்குக்குத்தான் அதன் பின்னால் இருப்பது தெரியும்.

அப்புறம் காத்திருப்பு. புதிதாக வறுத்த இலையில் நெருப்பு இன்னும் மேலேயே நிற்கும், குடித்தால் தொண்டை வறளும், கமறும். நெருப்பு இறங்குவதற்கு நடுத்தர வறுப்புக்கு இரண்டு மூன்று மாதம், முழு வறுப்புக்கு ஆறு மாதம், சில நேரம் ஒரு வருடம்கூட ஆகும். அந்த ஆண்டின் இலை நவம்பர் வாக்கில்தான் குடிக்கிற பதத்துக்கு வரத் தொடங்கும். என் டப்பாவில் சும்மா கிடந்த ஏழெட்டு மாதம் அந்தப் பொட்டலங்களுக்கு நல்லதையே செய்திருந்தது.

வாங்கும்போது

மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தச் செடி, எந்த இடம், எப்போது வறுத்தது. மூன்றுக்கும் பதில் சொல்கிற கடைக்காரரிடம் வாங்குங்கள். கதை மட்டும் சொல்கிறவரிடம் வேண்டாம். ஒரே பெரிய பெட்டிக்குப் பதிலாக ஒரு ஷுவெய் ஷியன், ஒரு ரோ குவெய், ஒரு கலவை என்று நான்கு நான்கு பொட்டலம் எடுத்தால் கற்றுக்கொள்ள அதிகம் கிடைக்கும். நியாயமான பான்யான் இலையில் தொடங்குவதில் தப்பே இல்லை, மெத்த விலை கொடுத்து ஜெங்யான் வாங்கி கைப்பழக்கம் இல்லாமல் ஊற்றி வீணாக்குவதைவிட அது மேல்.

தண்ணீர்

ஆழ்துளைக் கிணற்றுக் கடினத் தண்ணீரில் இந்த டீ செத்துவிடும். மேலே ஓர் ஏடு படியும், மணம் தட்டையாகும், வறுப்பின் கசப்பு மட்டும் நிற்கும். ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை, ஆனால் தாதுவை முழுக்க உறிஞ்சிவிட்டதாக இருந்தால் டீ ஒல்லியாக, கூர்மையாக வரும். கரைந்த உப்பு லிட்டருக்கு 30லிருந்து 100 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வீட்டு ஆர்.ஓ. அதற்கும் கீழே காட்டினால் கொஞ்சம் குழாய்த் தண்ணீரோ பாட்டில் தண்ணீரோ கலந்து பாருங்கள். ஒரே இலையை இரண்டு தண்ணீரில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

சூட்டில் பேச்சே இல்லை, தளதளவென்று கொதிக்க வேண்டும். பச்சைத் தேயிலைக்குச் சொல்கிற 80 டிகிரி எல்லாம் இங்கே செல்லாது. இலை முற்றியது, வறுத்தது, நெருக்கி முறுக்கியது, கொதிநீர் இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. ஊட்டியில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் ஏறாது. அங்கே கிண்ணத்தை இரண்டு தடவை சூடாக்கிவிட்டு, கீழே நான் சொல்லும் நேரத்தோடு ஐந்து விநாடி கூட்டிக்கொள்ளுங்கள்.

பாத்திரம்

காய்வான் என்கிற மூடியுள்ள பீங்கான் கிண்ணம், 100 முதல் 110 மில்லி. மெல்லிய பீங்கானாக, விளிம்பு வெளியே விரிந்ததாகப் பார்த்து வாங்குங்கள், விளிம்பு நேராக இருந்தால் விரல் சுடும். வடித்து ஊற்ற ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவை, 30, 40 மில்லி பிடிக்கும் மூன்று நான்கு கோப்பை, கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு. சீனாவின் யிஷிங் ஊர்க் களிமண்ணில் செய்த கூஜா அழகுதான், அது வறுப்பின் முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் மழுங்க வைக்கும். ஆனால் கற்றுக்கொள்கிற காலத்தில் நல்லதும் கெட்டதும் அப்படியே தெரிய வேண்டும், அதனால் பீங்கான்தான். காய்வான் கிடைக்காவிட்டால் மூடி பொருந்துகிற ஒரு சின்னப் பீங்கான் கிண்ணமும் வடிகட்டியும் போதும்.

ஊற்றுவது

முதலில் காய்வானையும் குடுவையையும் கோப்பைகளையும் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கி, கவிழ்த்துத் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். சூடான காய்வானில் 8 கிராம் இலையைப் போட்டு மூடி, இரண்டு மூன்று தடவை குலுக்கி, பத்து விநாடி கழித்து மூடியை லேசாகத் திறந்து முகருங்கள். காய்ந்த இலையைவிடப் பல மடங்கு மணம் இப்போது வரும், இதில் பழைய ஈர வாசமோ புகையோ வந்தால் பொட்டலத்தில் கோளாறு என்று இங்கேயே தெரிந்துவிடும். எட்டு கிராம் கைக்குப் பயமாக இருந்தால் 6 கிராமில் தொடங்கலாம், ஆனால் அதற்குக் கீழே போகாதீர்கள். இலை குறைந்தால் நேரம் கூட்ட வேண்டிவரும், நேரம் கூடினால் கசப்பும் துவர்ப்பும்தான் முதலில் இறங்கும்.

கழுவுவது ஒரு தடவை. கொதிநீரை ஓரத்திலிருந்து சுற்றி ஊற்றி, மேலே வருகிற நுரையை மூடியால் வழித்துவிட்டு, மூன்று விநாடிக்குள் வடித்துவிடுங்கள். இந்தத் தண்ணீரைக் கொட்டாமல் ஒரு கோப்பையில் எடுத்து வைத்து, கடைசியில் ஆறிய பிறகு குடித்துப் பாருங்கள், நல்ல இலையாக இருந்தால் அதுவும் இனிக்கும்.

முதல் தண்ணீர்: கெட்டிலை உயர்த்தி வேகமாக ஊற்றி, விளிம்பு வரை நிரப்பி, மூடி, ஏழெட்டு விநாடியில் வடியுங்கள். கடைசிச் சொட்டு வரை வடிய வேண்டும், உள்ளே தண்ணீர் தேங்கினால் அடுத்த கோப்பை கசக்கும். இரண்டாவதும் அதே நேரம். மூன்றாவது பத்து, நான்காவது பதினைந்து, ஐந்தாவது இருபது, ஆறாவது முப்பது, ஏழாவது நாற்பத்தைந்து, எட்டாவது ஒரு நிமிடம். அதற்கு மேல் இலை தாங்கினால் இரட்டிப்பாக்கிக்கொண்டே போகலாம். இவை என் கையின் கணக்கு, உங்கள் இலையின் வறுப்புக்கு ஏற்ப மாறும்: முழு வறுப்பு என்றால் முதல் மூன்றை ஐந்து விநாடியாகக் குறையுங்கள், நொறுங்கிய இலை அதிகம் இருந்தாலும் அப்படியே. ஒவ்வொரு தடவைக்கும் தண்ணீரை மறுபடி கொதிக்கவிட்டு ஊற்றுங்கள், இந்த ஒன்றை மட்டும் சோம்பலில் விடவே விடாதீர்கள்.

ஃபில்டர் காப்பி பழகிய வீட்டில் முதல் டிகாக்‌ஷன்தான் உசத்தி, இரண்டாவது சும்மா பேருக்கு. யான்ச்சாவில் அந்த எதிர்பார்ப்பை விட்டுவிட வேண்டும். முதல் இரண்டு தண்ணீரில் பேசுவது நெருப்பு. மூன்றாவதில் செடியின் வாசம் தலைகாட்டும். நான்கு, ஐந்து, ஆறு, இவற்றில்தான் வறுப்பு ஒதுங்கி, இடம் வெளியே வரும். முதல் கோப்பையைக் குடித்துவிட்டுக் கரி டீ என்று எழுந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும், இன்னும் மூன்று கோப்பை உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

ருசிப்பது

மூடியை முகருங்கள், சூடாக இருக்கும்போது ஒரு தடவை, வெதுவெதுப்பில் ஒரு தடவை, ஆறியதும் ஒரு தடவை. சூட்டில் வறுப்பு, வெதுவெதுப்பில் பூவோ பழமோ, ஆறியதில் எது நிலைத்து நிற்கிறது என்பது. காலிக் கோப்பையை ஓரமாக வைத்து ஐந்து நிமிடம் கழித்து முகர்ந்தால் நல்ல இலையில் கற்கண்டுப் பாகு மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும்.

குடிக்கும்போது காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சுங்கள், வெட்கப்பட வேண்டாம். வாய் முழுக்கப் படர்ந்து, மூக்குக்குப் பின்வழியாக மணம் ஏறும். விழுங்கிய பிறகு அடுத்த வாய்க்கு அவசரப்படாமல் கொஞ்சம் நிறுத்துங்கள். நெல்லிக்காய் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஓர் இனிப்பு வருமே, அது மாதிரி ஒன்று மெல்ல ஏறி வரும், அதைத்தான் ஹுவெய் கான் என்கிறார்கள், திரும்பி வருகிற இனிப்பு. நாக்கின் இரண்டு பக்கமும் எச்சில் ஊறும். இவற்றோடு சேர்ந்து, மழை நின்ற பிறகு கருங்கல் திண்ணையில் எழுகிற குளிர்ந்த வாசம் போல, புது மண்பானைத் தண்ணீரை விழுங்கியது போல ஒரு கனம் தொண்டையில் தங்கும். யான் யுன் என்று அவர்கள் சொல்வது இதைத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்; பாறையின் ராகம் என்று தமிழில் சொல்லலாம், ஏனென்றால் ராகம் மாதிரியே அது பாடி முடித்த பிறகும் காதில் நிற்கிற பொருள்.

19ஆம் நூற்றாண்டில் லியாங் ஜாங்ஜூ என்ற அதிகாரி, வூயி மலையில் ஒரு துறவியோடு இரவில் பேசிய பிறகு, இந்தத் தேநீரை நான்கு படியாகப் பிரித்து எழுதி வைத்தார்: மணம், தெளிவு, இனிப்பு, உயிர். மணம் அடிப்படி. மணம் மட்டும் இருந்து தெளிவு இல்லாவிட்டால் அது சாதாரணம், தெளிவு இருந்தும் இனிப்பில்லாவிட்டால் கசப்பு டீ, எல்லாம் இருந்தும் உயிர் இல்லாவிட்டால் நல்ல டீ என்ற அளவோடு நின்றுவிடும். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இந்த நான்கையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள், மதிப்பெண் அட்டையெல்லாம் தேவைப்படாது.

ஒப்பிட்டுப் பார்ப்பது

இரண்டு இலையில் எது மேல் என்று தெரிய வேண்டுமானால் இப்படிக் கொஞ்சிக் கொஞ்சி ஊற்றினால் தெரியாது, கை குறையை மறைத்துவிடும். 110 மில்லி காய்வான் இரண்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் 5 கிராம், கொதிநீர், முதல் தடவை 2 நிமிடம், இரண்டாவது 3 நிமிடம், மூன்றாவது 5 நிமிடம். யான்ச்சாவும் சேர்ந்த ஊலோங் வகைத் தேயிலையைச் சீனாவில் மதிப்பிடுகிற முறை இது. குடிக்கக் கடுமையாகத்தான் இருக்கும், ஆனால் கடுமையிலும் எது வாயில் கரைந்து போகிறது, எது நாக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது என்று பாருங்கள். நல்ல இலையில் கசப்பு வந்த வேகத்தில் கலைந்துவிடும். ஜெங்யானையும் ஜோச்சாவையும் ஒரு தடவை இப்படிப் பக்கத்தில் வைத்துக் குடித்தால் பத்துக் கட்டுரை படித்ததற்குச் சமம்: ஐந்து நிமிடத் தண்ணீரில் ஒன்றில் உடம்பு இருக்கும், இன்னொன்றில் நிறம் மட்டும் இருக்கும்.

வடித்த இலையையும் ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். மெத்தென்று விரிந்து, ஓரம் சிவந்து, மேலே தேரை முதுகு மாதிரி சின்னச் சின்னக் கொப்புளம் எழுந்திருந்தால் கரியில் பொறுமையாக வறுத்தது. எவ்வளவு ஊறியும் விரியாமல் கறுத்துச் சுருண்டே கிடந்தால் கரிந்துபோனது, அதற்கு மருந்து கிடையாது.

கோளாறு வந்தால்

தொண்டை வறண்டு கமறினால் நெருப்பு இறங்கவில்லை, மூடி வைத்து இரண்டு மாதம் கழித்துத் திறங்கள். புளிப்பு வந்தால் ஈரம் ஏறியிருக்கும், அல்லது உள்ளே தண்ணீர் தேங்கவிட்டு ஊற்றியிருப்பீர்கள். நேரத்தைக் குறைத்தும் புளித்தால் ஈரம்தான். மூன்று தண்ணீரிலேயே வெளுத்துப் போனால் இலையில் சத்தில்லை. முதல் கோப்பையில் பூ வாசம் ஆளைத் தூக்குகிறது, விழுங்கியதும் ஒன்றுமே இல்லை என்றால், அந்தச் செடி பாறை இடுக்கைப் பார்த்திருக்காது என்பது என் அனுபவம்.

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் மாதிரி ஈரக்காற்று ஊர்களில் பெரிய பையைத் திறந்து திறந்து மூடக் கூடாது, நமுத்துப்போகும். சின்னப் பொட்டலத்தைப் பிரிக்காமலே தகர டப்பாவில் போட்டு, மசாலா அலமாரிக்குத் தூரமாக, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம். லேசாக நமுத்த இலையை மீட்க, எண்ணெய் படாத ஒரு மண்சட்டியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் இலையைப் போட்டு ஐந்தாறு நிமிடம் பிரட்டி, ஆறவிட்டு, மறுநாள் ஊற்றிப் பாருங்கள். முழுக்கத் திரும்பாது, பாதி திரும்பும்.

எட்டு கிராம் இலை என்பது லேசான அளவு இல்லை, வெறும் வயிற்றில் குடித்தால் தலை சுற்றும், ராத்திரி குடித்தால் தூக்கம் போகும். மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, மூன்று பேர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு சின்னக் கோப்பையாகப் பகிர்ந்து குடிப்பதுதான் சரியான கணக்கு. எட்டாவது தண்ணீருக்குப் பிறகு இலையைக் கொட்டிவிடாதீர்கள். குடுவையில் போட்டு அறைச் சூட்டுத் தண்ணீர் ஊற்றி, மூடி, ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் எடுத்து வடித்தால் கரியும் இல்லாமல் கசப்பும் இல்லாமல், வெளிறிய தேன் நிறத்தில் ஒரு தண்ணீர் வரும், லாவ் சோங் ஷுவெய் ஷியனாக இருந்தால் அதில் பாசி வாசம் அப்போதும் இருக்கும்.